எண்ணிக்கையை மட்டும் அனுப்பினால் போதாது

ஒரு போர் விமானம் ஏன் ஹேங்கரில் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் இன்ஜின், ரேடார் என்று பெரிய பெயர்களைத்தான் சொல்வார்கள். பல சமயம் காரணம் அவ்வளவு பெரியதாக இருக்காது. ஹைட்ராலிக் பம்பின் ஒரு சீல், ஒரு பேரிங், சக்கரத் தொகுதியில் ஒரு பின். ஸ்டோர்ஸில் இருந்தால் அன்றைக்கே மாட்டிவிடலாம். இல்லையென்றால் அதை யாராவது செய்ய வேண்டும். மூலப்பொருள் வர வேண்டும், ஃபோர்ஜிங் (உலோகத்தைச் சூடாக்கி அடித்து வடிவமாக்குவது) ஆக வேண்டும், மெஷினிங், ஹீட் ட்ரீட்மென்ட், பூச்சு, பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் முடிய வேண்டும். பெட்டியில் ஏறுவதற்குள் ஒரு வருடம் தாண்டிவிடுவது இந்தத் தொழிலில் சாதாரணம். அவ்வளவு நாளும் அந்த விமானம் நிற்கும், அல்லது பக்கத்து விமானத்திலிருந்து கழற்றி மாட்டப்படும்.

இந்த நிலவரத்தைப் பற்றி அதிகம் வெளிப்படையாகப் பேசுகிற நாடு அமெரிக்கா. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர்களுடைய தகவல்களே நிறைய வருகின்றன. அந்நாட்டு நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ, 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2021 வரையான நிதியாண்டுகளில் 49 வகை ராணுவ விமானங்களை எடுத்துப் பார்த்தார்கள். பறக்கத் தயார்நிலை இலக்கைப் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டியவை 4 வகைகள் மட்டுமே. ஓர் ஆண்டுகூட எட்டாதவை 26. வயதான விமானங்கள், பராமரிப்புச் சிக்கல்கள், உதிரிபாகத் தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. இதில் கடைசிக் காரணத்தை மட்டும்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு பகுதியை: மேலே இருப்பவருக்குத் தெரிந்த தேவை, கீழே செய்கிறவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, அல்லது எப்படிச் சேராமல் போகிறது.

நான் வேலை பார்ப்பது இந்தச் சங்கிலியின் கீழ்க்கோடியில். விமானங்களுக்கான பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் உற்பத்தித் திட்டமிடல் என் பொறுப்பு. எங்களிடம் வாங்குகிறவர் அதை ஒரு பெரிய தொகுதிக்குள் வைத்து விற்கிறார். அதை வாங்குவது கொள்முதல் அமைப்பு, கேட்பது டெப்போ, அதாவது விமானங்களைப் பிரித்து முழுப் பராமரிப்பு செய்யும் பெரிய ராணுவப் பணிமனை. கடைசியில் மாட்டுவது ஸ்குவாட்ரனில், அதாவது விமானங்களைப் பறக்க வைக்கும் படைப்பிரிவில், ஒரு மெக்கானிக். நடுவில் இத்தனை கைகள். எனக்குத் தெரிவதெல்லாம் பக்கத்துக் கை அனுப்புகிற ஆர்டர்தான். தேவை என்ன என்பது எனக்குத் தெரியாது. ஆர்டரும் தேவையும் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஒன்றல்ல, அதை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

ஒரு ஸ்டோர்ஸில் ஒரு பாகம் மாதம் 10 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாத இருப்பு வைப்பது அவர்கள் வழக்கம், அதாவது 40. மாதம் 10 போகிறது, 10 வாங்குகிறார்கள். திடீரென்று செலவு 12 ஆகிறது. அந்த மாத முடிவில் கையில் 28தான் இருக்கும். புதிய வேகத்துக்கு நான்கு மாத இருப்பு என்றால் 48 வேண்டும். ஆக, ஆர்டர் 20. செலவு கூடியது 20 சதவீதம், ஆர்டர் இரட்டிப்பாகிவிட்டது.

இப்போது பட்டறைப் பக்கம் வாருங்கள். அங்கேயும் அதே நான்கு மாத வழக்கம், 40 இருப்பு. ஆர்டர் 20 வந்ததும் இருப்பு 20 ஆகிறது. மாதம் 20 போகப் போகிறது என்று நம்புகிற திட்டமிடுபவர் 80 வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். அந்த மாதம் 60 செய்யச் சொல்கிறார். அடுத்த மாதம் ஸ்டோர்ஸ் கேட்பது வெறும் 12. பட்டறையில் இருப்பது 80, அதில் 12 போய் 68. தேவையான இருப்பு இப்போது 48தான். எனவே அந்த மாதம் எதுவும் செய்ய வேண்டாம். உற்பத்தி 10, 60, பூஜ்யம் என்று ஆடுகிறது. 60 செய்த மாதத்தில் ஓவர்டைம், அடுத்த மாதத்தில் சும்மா நிற்கிற மெஷின். மேலே நடந்ததோ, மாதத்துக்கு இரண்டு பாகம் கூடுதலாகப் போனது மட்டும்.

பட்டறைக்கு ஒரே ஒரு தகவல் போயிருந்தால்? ‘உண்மையான செலவு 12தான், மீதி நாங்கள் இருப்பு ஏற்றிக்கொள்வது’ என்று. அப்போதும் அந்த மாதம் 20 கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இருப்பை 48க்கு உயர்த்த 28 செய்தால் போதும், அடுத்த மாதம் 12. உற்பத்தி 10, 28, 12. ஒரு மேடு, அவ்வளவுதான்.

எம்ஐடியில் ஜே ஃபாரெஸ்டர் இந்த ஆட்டத்தை 1950களின் கடைசியிலேயே விளக்கிவிட்டார். 1997ல் ஹாவ் லீயும் அவரோடு சேர்ந்தவர்களும் அதன் காரணங்களைப் பிரித்து எழுதினார்கள். அவர்கள் சொன்னவற்றில் இரண்டு ராணுவ உதிரிபாகத்துக்கு அப்படியே பொருந்தும். ஒன்று, ஆர்டரையே தேவையாக நினைத்துக்கொள்வது. இன்னொன்று, தட்டுப்பாடு வரும்போது ஒவ்வொருவரும் வேண்டியதைவிட அதிகமாகக் கேட்டு வைப்பது. கேட்டது பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் இரண்டு மடங்கு கேட்கத்தான் செய்வார்கள். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய விமானம் நிற்கிறது.

பக்கத்து விமானத்திலிருந்து கழற்றி மாட்டும் பழக்கத்தின் விலையும் சிறியதல்ல. 1996 முதல் 2000 வரையான நிதியாண்டுகளில் அமெரிக்கக் கடற்படையும் விமானப்படையும் சேர்ந்து பதிவு செய்தவை மட்டும் சுமார் 8.5 லட்சம் முறை. அதற்கு ஆன கூடுதல் பராமரிப்பு நேரம் சுமார் 53 லட்சம் மணி. ஒரே பாகத்தை இரண்டு முறை கழற்றி இரண்டு முறை மாட்டுகிற வேலை இது. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நல்ல பாகம் ஒன்று பழுதாகிற வாய்ப்பும் கூடவே வருகிறது.

சரி, இனி எவ்வளவு தேவைப்படும் என்ற கணிப்பைக் கீழே வரை பகிர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் விமான உதிரிபாகம் மற்றப் பொருட்களிலிருந்து விலகுகிறது. சோப்பு மாதிரி தினமும் விற்கிற பொருள் இல்லை இது. பல பாகங்களுக்கு மாதக்கணக்கில் ஒரு கேட்பும் வராது. அப்புறம் ஒரே வாரத்தில் மூன்று கேட்பார்கள். மறுபடி அமைதி. இப்படி விட்டுவிட்டு வரும் தேவைக்குச் சராசரி எடுத்தால் தப்பான எண்தான் கிடைக்கும் என்று ஜே.டி. க்ராஸ்டன் 1972ல் காட்டினார். எத்தனை கேட்கிறார்கள் என்பதைத் தனியாகவும், எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்கிறார்கள் என்பதைத் தனியாகவும் கணிக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அந்த முறையிலும் ஒரு சாய்வு, அதாவது ஒரே பக்கமாகத் தப்புகிற போக்கு, இருப்பதைப் பின்னாளில் சின்டெடோஸ், பாய்லன் இருவரும் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இன்றைக்கும் திட்டமிடல் மென்பொருள்களில் இந்த வழிவந்த முறைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் க்ரெய்க் ஷெர்ப்ரூக் 1968ல் வெளியிட்ட மெட்ரிக் என்ற கணித மாதிரிதான், பழுதுபார்த்துத் திரும்பப் பயன்படுத்தும் பாகங்களைத் தளங்களிலும் டெப்போவிலும் எப்படிப் பங்கிட்டு வைப்பது என்ற கேள்விக்கு முதல் உருப்படியான பதில். அது ஒரு பெரிய பாய்ச்சல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே ராண்டில் கார்டன் க்ராஃபோர்ட் 1988ல் உண்மையான பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, விமான உதிரிபாகத் தேவையின் ஏற்ற இறக்கம் அப்போதைய மாதிரிகள் எடுத்துக்கொண்டதைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. நல்ல கணக்கு இருந்தும், உள்ளே போகிற தகவல் கடந்த கால எண்ணிக்கை மட்டும் என்றால் அந்தக் கணக்கு செய்யக்கூடியது அவ்வளவுதான்.

என் கட்சி இதுதான்: கணிப்பு என்று ஒரு எண்ணை அனுப்புவதால் பெரிய பயனில்லை. அந்த எண் எதனால் வந்தது என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். எண் மாறும்போது ஏன் மாறியது என்பதையும் அனுப்ப வேண்டும். தனி எண்ணை வாங்குகிறவர் அதை நம்பலாம், அல்லது ஒதுக்கலாம், வேறு எதுவும் செய்ய முடியாது. காரணம் தெரிந்தால் அவராலும் யோசிக்க முடியும்.

பறக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு 20 சதவீதம் கூடுதலாகப் பறக்கப் போகிறார்கள் என்றால் எல்லா உதிரிபாகமும் 20 சதவீதம் கூடுதலாக வேண்டும் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஷெர்ப்ரூக் 1997ல் எல்எம்ஐ என்ற தளவாட ஆய்வு நிறுவனத்துக்காகச் செய்த ஆய்வில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார். பறந்த மணிகளைவிட, எத்தனை முறை கிளம்பி இறங்கியது என்பதோடுதான் தேவை அதிகம் ஒட்டிப் போகிறது என்று வந்தது. யோசித்தால் இது இயல்புதான். டயரும் பிரேக்கும் தேய்வது இறங்கும்போது. இன்ஜின் சூடாகி ஆறுவது கிளம்பும்போதும் நிறுத்தும்போதும். எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் பலவும் ஆன் செய்கிற சமயத்தில்தான் மக்கர் பண்ணும். எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் பறந்த விமானமும், ஒரு மணி நேரம் வீதம் எட்டு முறை போய் வந்த விமானமும் ஒரே மணிக்கணக்குதான். பிரேக் செய்கிறவருக்கு ஒன்றுக்கு எட்டு வித்தியாசம்.

‘அடுத்த ஆண்டு 240 வேண்டும்’ என்று வருகிற எண்ணுக்குப் பின்னால் நீண்ட தூரப் பயணங்கள் இருக்கின்றனவா, பயிற்சிப் பறப்புகள் இருக்கின்றனவா என்று ஒரு வரி எழுதியிருந்தால், பாகத்தைச் செய்கிறவரே ‘இது இவ்வளவு தேய வாய்ப்பில்லையே’ என்று திருப்பிக் கேட்க முடியும். பாகத்தை வடிவமைத்தவருக்கு அது எதனால் தேய்கிறது என்பது கொள்முதல் அலுவலகத்தைவிட நன்றாகவே தெரியும். பகிர்வு என்றால் தகவல் கீழே இறங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே ஏறுவதும் அதில் சேரும்.

அதிகம் பலன் கிடைக்கக்கூடிய இடம் டெப்போ என்பது என் உறுதியான எண்ணம். ஸ்குவாட்ரனில் நடப்பதில் பாதி தற்செயல். இன்றைக்குப் பறவை மோதும், நாளைக்குப் பம்ப் கசியும். டெப்போ அப்படியல்ல, அங்கே நாட்காட்டி உண்டு. கேசி-135 எரிபொருள் நிரப்பும் விமானத்தை எடுத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பராமரிப்புக்கு ஓக்லஹோமாவில் இருக்கும் டிங்கர் தளத்து டெப்போவுக்கு வர வேண்டும். எந்த வால் எண் (வாலில் எழுதியிருக்கும் அடையாள எண்) கொண்ட விமானம் எந்தக் காலாண்டில் உள்ளே வரும் என்று முன்கூட்டியே திட்டம் இருக்கும். ஜார்ஜியாவில் ராபின்ஸ், யூட்டாவில் ஹில், கடற்படைக்கு செர்ரி பாயின்ட், ஜாக்சன்வில், சான் டியேகோ, தரைப்படை ஹெலிகாப்டர்களுக்கு டெக்சஸில் கார்ப்பஸ் க்ரிஸ்டி. எல்லா இடத்திலும் இதே மாதிரி வேலைத் திட்டம் இருக்கிறது.

கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே என்ன நிலை என்று தெரியும், உண்மைதான். ஆனால் அதற்கும் பழைய பதிவு உண்டு. பத்து கியர்பாக்ஸ் பிரித்தால் மூன்றில் இந்த பேரிங்கை மாற்ற வேண்டியிருக்கிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 40 கியர்பாக்ஸ் பிரித்த காலத்தில் 12 பேரிங் போனது. அடுத்த ஆண்டு 60 பிரிக்கப் போகிறோம் என்று டெப்போவுக்குத் தெரியும். அப்படியென்றால் 18 வேண்டும். பழைய செலவை மட்டும் பார்த்துக் கணிக்கிற கிடங்கு 12தான் வாங்கும். பேரிங் செய்ய 14 மாதம் ஆகுமென்றால், குறைகிற அந்த 6 பேரிங்கைப் பற்றி யாருக்காவது உறைக்கும்போது கியர்பாக்ஸ்கள் மேசையில் பிரித்தபடி கிடக்கும். கடினமான கணிதம் எதுவும் இதில் இல்லை, பள்ளிக்கூடப் பெருக்கல்தான். பெருக்க வேண்டிய இரண்டு எண்களும் இரண்டு வெவ்வேறு அலுவலகங்களில் இருக்கின்றன, அதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு அமைப்பிலேயே இருக்கிறது. பழுதுபார்த்துத் திரும்பப் பயன்படுத்தும் பெரிய பாகங்களின் திட்டமிடல் பெரும்பாலும் அந்தந்தப் படையிடம். மாற்றி எறிகிற சின்னப் பாகங்களில் பெரும்பகுதியை வாங்கி வைப்பது டிஎல்ஏ என்ற பொதுத் தளவாட அமைப்பு. 1961ல் தொடங்கியது, விமானப் பிரிவு வர்ஜீனியாவின் ரிச்மண்டில் இருக்கிறது. 2005ல் ராணுவத் தளங்களைச் சீரமைத்தபோது டெப்போக்களுக்குள்ளேயே இருந்த ஸ்டோர்ஸ், சேமிப்பு வேலைகளும் டிஎல்ஏ கைக்குப் போயின. செலவைக் குறைக்கும் நோக்கில் எடுத்த முடிவு அது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஸ்பேனர் பிடிப்பவர் ஒரு நிர்வாகம், பேரிங் வாங்குபவர் இன்னொரு நிர்வாகம் என்று ஆன பிறகு, வேலைத் திட்டத்தை ஒழுங்காகக் கைமாற்றுவது உயிர்நாடியாகிவிடுகிறது. முன்பு ஒரே கட்டடத்தில் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடிய விஷயம், இப்போது ஒரு கோப்பாக, ஒரு வடிவத்தில், ஒரு தேதிக்குள் போக வேண்டும்.

இதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். ராணுவ இருப்பு மேலாண்மையை ஜிஏஓ தன் அதிக ஆபத்துப் பட்டியலில் 1990ல் சேர்த்தது. 2010 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டம், இருப்பு மேலாண்மையைச் சீராக்க ஒரு முழுத் திட்டம் வேண்டும் என்று உத்தரவிட்டது. தேவைக் கணிப்பு அதில் ஒரு தனிப் பகுதி. டிஎல்ஏவும் படைகளும் சேர்ந்து கணிப்பது என்ற நடைமுறை வளர்ந்தது. 2019ல் அந்தத் துறை பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. முன்னேற்றம் நிஜம்தான். 2022 அறிக்கையின் எண்களும் நிஜம்தான். கோப்பு போய்ச் சேர்வதும் விமானம் கிளம்புவதும் ஒன்றல்ல.

எஃப்-35 போர் விமானம் இதற்கு நல்ல உதாரணம். 2019 ஏப்ரலில் ஜிஏஓ சொன்னது: 2018 மே முதல் நவம்பர் வரை, உதிரிபாகம் இல்லாததால் மட்டும் அந்த விமானங்கள் கிட்டத்தட்ட 30 சதவீத நேரம் பறக்க முடியவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு தகவல் இருக்கிறது, என்னை அதிகம் உலுக்கியது அதுதான். வெளிநாட்டுப் பணிக்குப் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டிய உதிரிபாகத் தொகுப்புகளைப் பல ஆண்டு முன்கூட்டியே வாங்கி வைக்கிறார்கள். மரைன் படை ஒரு பணிக்குக் கிளம்பியபோது, அப்படி வாங்கியிருந்த பாகங்களில் 44 சதவீதம் அவர்கள் கொண்டுபோன விமானங்களுக்குப் பொருந்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் விமானத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தன.

இத்தனைக்கும் எண் சரியாகவே இருந்திருக்கலாம். நூறு வேண்டும் என்று கணித்து நூறு வாங்கியிருக்கலாம். ஆனால் எந்த நூறு? ‘இந்த விமானங்களில் அடுத்த இரண்டு ஆண்டில் இந்தத் தொகுதி மாறப் போகிறது’ என்ற ஒரு வரி எண்ணோடு கூடவே போயிருக்க வேண்டும். மாற்றத்தைத் திட்டமிடுகிற பொறியாளர் குழுவுக்கு அது தெரியும். பாகம் வாங்குகிற மேசைக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

எண்ணிக்கை குறையப் போவதைச் சொல்வதும் இதே அளவு முக்கியம், இதை யாரும் பேசுவதில்லை. ஒரு ரகம் ஓய்வு பெறப் போகிறது, ஒரு தொகுதிக்கு மாற்று வடிவம் வரப் போகிறது என்றால், பழைய பாகத்தின் தேவை வடியும். பி-52 குண்டுவீச்சு விமானத்தின் டிஎஃப்33 இன்ஜின்களுக்குப் பதிலாக ரோல்ஸ்-ராய்ஸ் எஃப்130 இன்ஜின் வரப் போகிறது என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். அப்படி அறிவித்த நாளிலிருந்து, பழைய இன்ஜினின் ஒரு பாகத்தைச் செய்கிற சின்னப் பட்டறைக்கு இரண்டு கேள்விகள் இருக்கும். இன்னும் எத்தனை ஆண்டு கேட்பீர்கள்? கடைசிக் கொள்முதல் எப்போது? பதில் தெரியாவிட்டால் அந்தப் பட்டறை மெஷினை வேறு வேலைக்கு மாற்றிவிடும். அப்புறம் மாற்று இன்ஜின் தாமதமானால் பழைய பாகத்தைச் செய்ய ஆளிருக்காது. வாங்குகிறவர் வேண்டாத சரக்கில் பணத்தை முடக்கினாலும், செய்கிறவர் வேண்டிய சரக்கை நிறுத்தினாலும், வேர் ஒன்றுதான்.

அடுத்தது நம்பிக்கை. பல வருடப் பழக்கத்தில் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்: வருகிற கணிப்பைப் பாதியாகப் படிப்பது. ஏனென்றால் அனுப்புகிறவருக்கு அதிகமாகச் சொல்வதால் நஷ்டமில்லை. டிஎல்ஏ தன் சப்ளையர்களுக்கு வருங்காலத் தேவை மதிப்பீட்டைக் காட்டுகிறது, இது வாங்குவதற்கான உறுதி அல்ல என்றும் சொல்லிவிடுகிறது. வேறு வழியும் இல்லை, அரசுப் பணத்தைக் கணிப்பை நம்பி ஒப்புக்கொடுக்க முடியாது. ஆனால் உறுதியில்லாத எண்ணை நம்பி விலை உயர்ந்த டைட்டானியம் வாங்கி வைக்கச் சின்னப் பட்டறைக்கும் வழியில்லை.

எங்களுக்கு ஃபோர்ஜிங் செய்து கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கணிப்புத் தாளை நீட்டினால் எண்ணிக்கைப் பக்கமே பார்க்க மாட்டார். “தம்பி, எத்தனைங்கறத அப்புறம் பார்த்துக்கலாம். எப்பன்னு மட்டும் சொல்லுங்க. டையை எறக்கி வச்சிட்டா மறுபடி ஏத்துறதுக்குள்ள உசுரு போயிடும்” என்பார். அவர் சொல்வதில் ஒரு முழுத் திட்டமே இருக்கிறது. டை என்கிற அச்சை மெஷினில் ஏற்றுகிற செலவு 5 அடித்தாலும் 50 அடித்தாலும் ஒன்றுதான். அவருக்கு எண் பத்து சதவீதம் தப்பினால் ஒன்றுமில்லை. இந்தக் காலாண்டா, அடுத்த ஆண்டா என்பது தப்பினால்தான் இழப்பு. அப்படியிருக்க, கணிப்புத் துல்லியம் என்று அலுவலகங்கள் அளப்பது எதை? பெரும்பாலும் எண்ணிக்கையை. மாதாமாதம் ஒரு சதவீதம் போட்டு வரைபடம் வரைகிறார்கள். விட்டுவிட்டு வரும் தேவையில் அந்தச் சதவீதம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து எல்லோரும் மனம் தளர்கிறார்கள்.

நான் அளக்க விரும்புவது வேறு இரண்டை. முதலாவது, சாய்வு: ஒருவர் அனுப்பும் கணிப்பு ஆண்டுக்கணக்கில் எப்போதும் மேலேயே இருக்கிறதா, கீழேயே இருக்கிறதா? எப்போதும் 30 சதவீதம் கூடச் சொல்பவர் என்று தெரிந்தால் அதைக் கழித்துக்கொண்டு திட்டமிட முடியும். இரண்டாவது, அறிவிப்பு: திட்டம் மாறியது என்று மேலே தெரிந்த நாளுக்கும், கீழே சொன்ன நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? இந்த இரண்டாவது அளவை நான் எந்தக் கூட்டத்திலும் திரையில் பார்த்ததில்லை. தாமதத்தில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம். டெப்போவில் வேலைத் திட்டம் ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கும், எங்கள் தாளில் பழைய மாதமே இருக்கும். நாங்கள் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு அதற்கு மெஷின் நேரம் கொடுத்திருப்போம்.

பணமும் கொஞ்சம் நகர வேண்டும். முழு ஆர்டர் தர முடியாது என்றால், லீட் டைமில் (ஆர்டர் கொடுத்ததிலிருந்து பாகம் வரும் வரையான காலத்தில்) அதிக நாள் எடுக்கும் கட்டத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம். மூலப்பொருளையும் ஃபோர்ஜிங்கையும் முன்கூட்டியே வாங்கி வைக்க உறுதி கொடுத்தால், மெஷினிங் பின்னால் நடந்துகொள்ளும். ஒரே ஃபோர்ஜிங்கிலிருந்து இரண்டு மூன்று பாக எண்கள் வருமென்றால் இன்னும் நல்லது. தனித்தனியாகப் பார்த்தால் ஆட்டம் காணும் தேவை, சேர்த்துப் பார்க்கும்போது அமைதியாகிவிடும். இது எத்தனை பாகங்களுக்குப் பொருந்தும் என்பதை வடிவமைப்பாளரும் பட்டறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் சொல்லிவிடலாம்.

ராணுவ ரகசியம் பற்றிய தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஸ்குவாட்ரன் திடீரென்று டயரும் பிரேக்கும் அதிகமாகக் கேட்டால், எங்கோ பறப்பு கூடப் போகிறது என்று வெளியாள் ஊகிக்கலாம். நாலு கை தாண்டிப் போகிற தாள் யார் கையில் முடியும் என்று கவலைப்படுவது நியாயம். ஆனால் பட்டறைக்குத் தேவை பறப்புத் திட்டமல்ல. எந்தத் தளம், எந்த ஸ்குவாட்ரன் என்பது எனக்கு வேண்டாம். ‘டெப்போ வேலைத் திட்டம்’, ‘பறப்பு வகை மாற்றம்’, ‘வடிவ மாற்றம்’, ‘இருப்பு ஏற்றம்’ என்று காரணத்தின் வகை போதும், காலாண்டு அளவில் தேதி போதும். டெப்போ வேலைகளில் இந்தத் தயக்கத்துக்கு இடம் இன்னும் குறைவு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் பராமரிப்பு ரகசியத் தாக்குதல் அல்ல. மூடி வைக்க வேண்டியது எது, மூடி வைத்தால் நம் விமானமே நிற்கும் என்பது எது என்று பாகம் பாகமாக உட்கார்ந்து பிரிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே முத்திரையில் மூடிவிடுவது எளிது, அதற்கான விலையை ஹேங்கரில் காத்திருக்கிற ஆட்கள் கொடுக்கிறார்கள்.

போர்க்காலத் தேவையைக் கணிக்கவே முடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய பயிற்சியைச் சொல்ல வேண்டும். 1987ல் அமெரிக்க விமானப்படை ‘கொரோனெட் வாரியர்’ என்ற பெயரில் ஓர் எஃப்-15 ஸ்குவாட்ரனைத் தனியாக நிறுத்தி, கையில் இருக்கும் போர்க்கால உதிரிபாகப் பெட்டியை மட்டும் வைத்து 30 நாள் பறக்கச் சொன்னது. கணினியில் ஓட்டிய கணித மாதிரி கணித்ததைவிட அவர்கள் எவ்வளவோ நன்றாகச் சமாளித்தார்கள். கேட்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது, மெக்கானிக்குகள் உள்ளேயே பழுதுபார்த்து நிறையப் பாகங்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்தத் திறமை எந்தக் கணிப்புத் தாளிலும் இல்லை. அவர்களிடம் கேட்டிருந்தால் ‘இந்தப் பாகத்தை நாங்களே சரிசெய்துவிடுவோம், அந்தப் பாகத்துக்கு மட்டும் கூடுதல் வையுங்கள்’ என்று சொல்லியிருப்பார்கள். கணிப்பில் முதல் வரி எழுத வேண்டியவர் அந்த மெக்கானிக்தான் என்று நான் நினைக்கிறேன்.

எனக்கு வரும் தாளில் இப்போது பாக எண், எண்ணிக்கை, மாதம் என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. எங்களிடம் வாங்குகிறவரிடம் இன்னும் மூன்று கேட்டிருக்கிறேன். எண்ணிக்கை எதனால் என்று ஒரு வகைக் குறியீடு. போன தாளுக்கும் இந்தத் தாளுக்கும் என்ன மாறியது என்று ஒரு வரி. அந்த மாற்றம் அவருக்குத் தெரியவந்த தேதி. முதல் இரண்டுக்கும் அவர் சம்மதித்துவிட்டார், மேலே இருப்பவர்களிடமும் கேட்டு வாங்குவதாகச் சொன்னார். மூன்றாவதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் உட்காருகிறோம். ஃபோர்ஜிங் பெரியவரையும் அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.